மிஞ்சுகிறவருக்கான கணக்கு

1984-இல் என்னோடு வங்கி வேலையில் சேர்ந்த தோழர்களுக்கும் தோழியருக்கும்,

போன மாதம் திருச்சியில் நாம் கூடியபோது, தயிர்சாதத்துக்கு வரிசையில் நின்ற என்னிடம் உங்களில் ஒருவர் கேட்டார்: "நீங்க இருக்கற மாதிரி இடத்துல இருக்கணும்னா மாசம் எவ்வளவும்மா வேணும்?" தட்டை ஏந்தியபடியே, "நாற்பது, நாற்பத்தஞ்சு இருந்தா தாராளம்" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அந்த எண் மண்டபம் முழுக்கச் சுற்றிவிட்டது. கிளம்பும்போது மூன்று பேர் என்னிடமே வந்து, "நாற்பத்தஞ்சு போதுமாமே!" என்றார்கள்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வருடம் கடன் மனுக்களைக் குடைந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் சொல்லும் பதிலா அது? ஒரு மளிகைக்கடைக்காரர் இப்படி ஒற்றை எண்ணோடு வந்திருந்தால் நாமே உட்காரவைத்து ஒன்பது கேள்வி கேட்டிருப்போம். அந்த ஒன்பது கேள்வியையும் என்னிடம் நீங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டவரின் மனைவி பின்னால் தட்டோடு நின்றிருந்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரயிலில் திரும்பும்போது அவர் முகம்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

என் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் ஓய்வு பெற்றேன். அந்த வருடக் கடைசியில் நானும் கணவரும் கோவைக்கு மேற்கே, வடவள்ளி தாண்டி, மருதமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பில் 850 சதுர அடி வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தோம். சொந்தக்காரர்கள் இன்றும் "ஹோம்ல சேர்ந்துட்டீங்களாமே" என்று துக்கம் விசாரிக்கும் குரலில்தான் கேட்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துபோக விமான நிலையம் என்று கோவையைச் சுற்றி இத்தகைய குடியிருப்புகள் முளைத்ததற்குக் காரணங்கள் உண்டு. சிறுவாணித் தண்ணீரையும் சொல்லித்தான் விற்பார்கள். எங்கள் குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர்.

இனி நோட்டுப் புத்தகம். இருவரும் கைகால் நன்றாக இருந்த கடைசி முழு மாதத்தின் பக்கம் இது. பராமரிப்பு, சதுர அடிக்கு 9 ரூபாய் வீதம் 7,650. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 9,027. (குடியிருப்போர் சங்கமே பராமரிப்பை நடத்தி, ஒரு வீட்டுக்கு மாதம் 7,500-க்குள் வாங்கினால் இந்த வரி இல்லை. எங்களுடையதை ஒரு கம்பெனி நடத்துகிறது.) மெஸ் சாப்பாடு தலைக்கு 7,200, இருவருக்கு 14,400. ஈபி 900. மாத்திரை மருந்து 4,500. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை மாதத்துக்குப் பிரித்தால் 7,000. போன், இன்டர்நெட் 1,100. பால், பழம், மெஸ் சாம்பார் பிடிக்காத நாளில் வெளியில் வாங்கும் தோசை எல்லாம் சேர்த்து 2,500. ஆட்டோ, கோயில், கல்யாண மொய், பேத்திக்குப் பிறந்தநாள் என்று 5,000. கூட்டினால் 44,427. நான் திருச்சியில் சொன்ன எண் இங்கிருந்து வந்ததுதான்.

"சொந்த வீட்டில் இருந்தால் முப்பதுக்குள் முடியுமே" என்பீர்கள். முடியும். கூடுதலாகக் கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குப் புரிந்தது, ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது. கட்டிலை ஒட்டிய பெல்லை அழுத்தினேன். நான்கு நிமிடத்தில் நர்ஸும் இரண்டு பையன்களும் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். எங்கள் பழைய திருச்சி வீடாக இருந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன். எதிர்வீட்டுக்காரருக்கு எழுபத்தொன்பது வயது.

கணவர் போன பிறகு வந்த முதல் மாத பில்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பராமரிப்பு அதே 9,027. சுவருக்கும் தரைக்கும் போடுகிற கணக்கில் உள்ளே ஒருவர் இருந்தால் என்ன, இருவர் இருந்தால் என்ன? மெஸ் 7,200. ஈபி 700. மருந்து 2,000. பிரீமியம் 4,000. போன் அதே 1,100. பால், பழம் 1,800. மொய்யும் ஆட்டோவும் அதே 5,000. மனுஷன் இல்லை என்று யாரும் பத்திரிகை வைக்காமல் விடுவதில்லை. மொத்தம் 30,827. ஆள் பாதியாகிவிட்டது, செலவில் நூற்றுக்கு எழுபது பங்கு அப்படியே நிற்கிறது.

என் விஷயத்தில் ஒரு கொடுப்பினை. அவர் தனியார் மில்லில் கணக்குப் பார்த்தவர், பி.எஃப். பென்ஷன் மாதம் 2,600. அதில் பாதி, 1,300, இப்போது எனக்கு வருகிறது. பெரிய பென்ஷன் என்னுடையது, அதை வாங்குகிற ஆள் உயிரோடு இருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கணக்கு அதுதான். நான் முதலில் போய் அவர் மிஞ்சியிருந்தால், இந்தக் குடியிருப்பில் அவரால் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. உங்களில் பெரும்பாலானோர் வீட்டில் பென்ஷன் உங்கள் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் மனைவியர் உங்களைவிட நான்கைந்து வயது இளையவர்கள். மிஞ்சப்போவது யார் என்று ஜோசியரிடம் போகவேண்டியதில்லை.

நம் பென்ஷன் விதியை எல்லோரும் அறிவோம், ஆனால் அதன் இரண்டாம் பாதியை வாசிக்க மாட்டோம். கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தில் பாதி நமக்கு. நமக்குப் பின் துணைக்குக் கிடைப்பது சம்பளத்தில் 30 சதவீதம். அதுவும் 2021-இல்தான் உச்சவரம்பு நீங்கி எல்லோருக்கும் சீராகக் கிடைத்தது. ஐம்பது முப்பதாகிறது. நாம் வாங்குவது நூறு என்றால் அவர் வாங்கப்போவது அறுபது. செலவோ எழுபதில் நிற்கிறது.

எண்ணைப் போட்டே பார்ப்போம். சராசரிச் சம்பளம் 60,000, பஞ்சப்படி அடிப்படையில் பாதி என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். பென்ஷன் 30,000, பஞ்சப்படி 15,000, ஆக 45,000. செலவு 44,427. இருவரும் இருக்கிறவரை மாதக் கடைசியில் ஐந்நூற்று சொச்சம் மிஞ்சும், "போதுமாமே" என்றவர்கள் சொன்னது சரி. ஒருவர் போனதும் குடும்ப ஓய்வூதியம் 18,000, பஞ்சப்படி 9,000, ஆக 27,000. செலவு 30,827. முதல் மாதமே 3,827 ரூபாய் துண்டு விழுகிறது. புருஷன் போன துக்கத்தோடு இதையும் சேர்த்துத்தான் அந்த அம்மாள் சுமக்கவேண்டும்.

கம்யூடேஷன் வாங்கியிருந்தால் இன்னொரு திருப்பம். அடிப்படையில் மூன்றில் ஒரு பங்கை விற்றிருப்பீர்கள், அது திரும்பிவர 15 வருடம். அதுவரை கைக்கு வருவது 45,000 இல்லை, 35,000. இருவர் செலவுக்கு இப்போதே 9,400 குறைகிறது. குடும்ப ஓய்வூதியத்தில் இந்தப் பிடித்தம் கிடையாது என்பது ஒரு சின்ன ஆறுதல். அந்த மொத்தப் பணம் எங்கே என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பையனின் ஃபிளாட்டுக்கு முன்பணமாகப் போயிருந்தால், அது மாதாமாதம் உங்கள் பென்ஷனிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பஞ்சப்படிதான் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஏறுகிறதே என்று ஒரு குரல் கேட்கிறது. ஏறும், விலைவாசிக் குறியீட்டோடு. ஆனால் அடிப்படை, நாம் நாற்காலியை விட்டு எழுந்த அன்று உறைந்துபோனது. ரிசர்வ் வங்கி ஓய்வூதியர்களுக்கு 2019-இல் மறுநிர்ணயம் வந்தது. நமக்கு 2024 மார்ச்சில் கையெழுத்தான பன்னிரண்டாவது ஊதிய ஒப்பந்தத்தில், 2022 அக்டோபருக்குள் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு எக்ஸ்-கிரேஷியாதான் வந்தது. சங்கம் போராடட்டும், நானும் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். வராத மறுநிர்ணயத்தை வைத்து வீடு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

குடியிருப்பின் கட்டணம் விலைவாசிக் குறியீட்டைக் கேட்டுவிட்டு ஏறுவதில்லை. எங்களுக்கு முதல் ஏப்ரலில் 6 சதவீதம் ஏற்றினார்கள், அடுத்ததில் 8. சமையற்காரர் கிடைப்பதில்லை, காஸ் ஏறிவிட்டது என்பார்கள். பொய்யும் இல்லை. ஏழு சதவீதம் என்று வைத்தால் பத்து வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. இன்றைய 30,827 அன்று 60,000 சொச்சம். விலைவாசி நாலரை சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 27,000 குடும்ப ஓய்வூதியம் அன்று 42,000-த்தைத் தொடும். இடைவெளி மாதம் 19,000-ஐ நெருங்கும்.

நாலாயிரம் ரூபாய் ஓட்டை பத்து வருடத்தில் பத்தொன்பதாயிரமாகிற இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான என் பதில் இருக்கிறது. முதியோர் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். இப்போதைய வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500. மாதக் கணக்கில் 20,500. கிட்டத்தட்ட அந்த இடைவெளி. ஆகவே 45,000 பென்ஷன் உள்ளவர், அதற்கு மேல் 30 லட்சத்தை மனைவியின் பெயர் சொல்லித் தனியாக வைத்திருந்தால் மட்டும் வாருங்கள் என்பேன். அவருக்கு 60 ஆகியிருந்தால் அவர் பெயரிலேயே போடுங்கள். ஆகவில்லை என்றால் கூட்டுக் கணக்காகத் திறங்கள். முதல் பெயர்க்காரர் போகும்போது அவருக்கும் அந்தத் திட்டத்துக்கான வயது ஆகியிருந்தால் முதிர்வு வரை அவர் தொடரலாம். இருவரும் இருக்கும் நாளில் அந்த வட்டியை எடுத்து ராமேஸ்வரம் டூர் போகாமல், வேறொரு டெபாசிட்டில் சேர்த்துவையுங்கள். 8.2 என்பது காலாகாலத்துக்கும் நிற்கும் வட்டி இல்லையென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்குக்கு 15 லட்சம், 7.4 சதவீதம், மாதம் 9,250. அதையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

1995-லும் 2010-லும் பென்ஷன் விருப்பத்தை விட்டுவிட்டு பி.எஃப். போதும் என்றவர்கள் நம்மில் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்கள் வட்டியில் மட்டும் இந்த 44,427-ஐ எடுக்க இன்றைய விகிதத்தில் 65 லட்சம் வேண்டும். வட்டி நின்ற இடத்தில் நிற்கும், பில் நிற்காது. அதனால் அதற்கு இரட்டிப்பாக இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

"அமெரிக்காவிலிருந்து பையன் அனுப்புவான்" என்ற வரியை வருமானப் பக்கத்தில் எழுதாதீர்கள். மைத்துனர் மாதாமாதம் உதவுவார் என்று ஒருவர் மனுவில் எழுதியிருந்தால் கடன் கொடுத்திருப்பீர்களா? என் மகள் அனுப்புகிறாள், வாங்கிக்கொள்கிறேன். நோட்டில் அது கடைசிப் பக்கத்தில் தனியாக இருக்கிறது.

இதுவரை எழுதியது கைகால் நன்றாக இருக்கிறவர்களின் கணக்கு. விழுந்த பிறகு அவர் ஏழு மாதம் இருந்தார். ஐந்து மாதம் பகலுக்கு மட்டும் ஓர் ஆள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய், மாதம் 27,000. கடைசி இரண்டு மாதம் இரவுக்கும் ஆள் போட்டோம், 54,000. மொத்தம் 2,43,000. வந்து பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு மெஸ்ஸில் கூப்பன் வாங்கவேண்டும், அது வேறு. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு வந்தது. வீட்டில் பிடித்து நடத்தியதற்கும், புரட்டிப் படுக்கவைத்ததற்கும் ஒரு காசு வரவில்லை. எங்களுக்கு ஏழு மாதத்தில் முடிந்தது. எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் நான்காவது வருடமாக ஓடுகிறது. இந்தச் செலவை மாத வருமானத்தில் அடக்கப் பார்க்காதீர்கள், அடங்காது. ஆளுக்கு ஐந்து லட்சமாவது தொடாத டெபாசிட்டாக இருக்கட்டும்.

பிரீமியம் பற்றியும் ஒரு வரி. முதியோரின் தனிநபர் பாலிசிக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னைக் கேட்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. நல்லதுதான். ஆனால் பத்துப் பத்தாக ஏறினாலும் ஏழெட்டு வருடத்தில் இரட்டிப்பு.

அடுத்தது, உங்களில் பலர் செய்யப்போகிற தவறு. இருக்கிற வீட்டை எழுபது லட்சத்துக்கு விற்று அறுபத்தைந்து லட்சத்துக்கு இங்கே வீடு வாங்குவது. "எப்பவும் வித்துக்கலாமே, கோயம்புத்தூர்ல நிலம் ஏறிட்டேதானே இருக்கு" என்று விற்பனைக்காரப் பையன் சொல்வான். எங்கள் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன், வாங்கிய பிறகு. 55 வயது தாண்டியவர்தான் குடியிருக்கலாம். பிள்ளைக்கு எழுதிவைக்கலாம், அவன் வந்து இருக்க முடியாது. விற்றால் கம்பெனிக்கு மாற்றுக் கட்டணம். வாங்கக்கூடியவர் கூட்டம் இவ்வளவு சுருங்கிய சொத்தை அவசரத்துக்கு விற்பது எப்படி என்று அடமானம் பார்த்த நமக்குத் தெரியாதா? முன்கூட்டியே கட்டிவிட்ட வாடகை என்று நினைத்து வாங்குங்கள், மனசு லேசாக இருக்கும். டெபாசிட் கொடுத்து, காலி செய்யும்போது பிடித்தம் போகத் திரும்பப் பெறும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. கையிருப்பு குறைவாக உள்ளவர்களுக்கு நான் அதையே சொல்வேன். பிடித்தம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், யாருக்குத் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறதி நோய் வந்தால் அதே வீட்டில் இருக்க விடுவார்களா என்றும் கேளுங்கள். பல இடங்களில் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள். நடத்துகிற கம்பெனி கையை விரித்தால் மெஸ்ஸை யார் எடுத்து நடத்துவது என்றும் கேளுங்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் இத்தகைய குடியிருப்புகளுக்கென்று மாதிரி வழிகாட்டி நெறிகள் வெளியிட்டிருக்கிறது. மாநிலம் எடுத்து நடைமுறைப்படுத்தினால்தான் அதற்குப் பல் முளைக்கும். அதுவரை உங்கள் ஒப்பந்தப் பத்திரம்தான் உங்களுக்குச் சட்டம்.

இவ்வளவு எண்களை எழுதும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் வராந்தாவைப் பெருக்கும் அம்மாவுக்கு வயது அறுபத்தொன்று. இங்கே என் எதிர்வீட்டில் இருப்பவரைவிட மூன்று வயது மூத்தவர். அவரைப் போன்றவர்களுக்கு மாநில அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200, பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சம் 2014-இலிருந்து 1,000. நான் எழுதுவதெல்லாம் பென்ஷன் வாங்குகிற மிகச் சிறிய கூட்டத்தின் கவலை. "அக்கா, உங்களுக்கு என்ன, பெல் அடிச்சா ஆள் வருது" என்று அவர் ஒருநாள் சொன்னார். கிண்டலாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. காலையில் மலை தெரிகிறது. மெஸ் கமிட்டியில் இருக்கிறேன், உப்பு விஷயத்தில் இரண்டு கட்சி, நான் உப்புக் கட்சி. வாங்க, போங்க என்று கூப்பிட்டுக்கொண்டே சண்டை போடுகிற கொங்கு நாட்டு மரியாதைக்கு மூன்று வருடத்தில் பழகிவிட்டேன். தனியாக இருக்கிறேன் என்று தோன்றாத நாட்கள்தான் அதிகம். பில் வந்தால் கட்ட முடிகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

வர நினைக்கிறவர்கள் முதலில் ஒரு வாரம் வந்து தங்குங்கள். விருந்தினர் அறை ஒரு நாளைக்கு 1,200, சாப்பாடு தனி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று பாயசம் போட்டு ஏமாற்றிவிடுவார்கள். செவ்வாய், புதனில் வந்து சாப்பிட்டுப் பாருங்கள். மனைவியைக் கூட்டிவாருங்கள். பென்ஷன் ஆணையையும் பாஸ்புக்கையும் அவர் பையில் வைத்து எடுத்துவரட்டும். அலுவலகத்தில் கேள்வி கேட்கிற பொறுப்பு அவருடையது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். திருச்சியில் என்னிடம் கேட்ட தோழருக்கு இது குறிப்பாக.

காபி ஆறரை மணிக்கு. ஆறே முக்காலுக்கு டிகாக்‌ஷன் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் பழைய கேஷ் கவுன்டர் தோழி